கடல் தாண்டி நாடு பிடித்த வழக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பார்வை

யாழ்ப்பாணத்தில் வயதானவர்களோடு கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தால் ஒரு வசனம் எப்படியும் வந்து விழும்: "வெள்ளைக்காரன் இருந்திருந்தா நாடு இப்பிடிப் போயிருக்காது." ரயில் நேரத்துக்கு வந்தது, கந்தோரில் காரியம் ஒழுங்காக நடந்தது, படித்தவனுக்கு உத்தியோகம் கிடைத்தது என்று அதற்குப் பின்னால் காரணங்களும் வரும். இத்தனை வருடப் போரைக் கண்ட ஊரில் இப்படி ஒரு ஏக்கம் இருப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசனத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழும்பிப் போகவும் எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு நாடு கடல் தாண்டிப் போய் இன்னொரு நாட்டை ஆள்வது சரியா, அதில் யாருக்கு என்ன இலாபம் என்பது ஆளப்பட்டவர்கள் மட்டும் கேட்ட கேள்வி அல்ல. லிஸ்பனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாஷிங்டனிலும் அந்தந்த நாட்டுக்காரர்களே இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதங்களின் விளைவு வந்து இறங்கிய துறைமுகங்களில் ஒன்று யாழ்ப்பாணம். முற்றவெளியில் நின்று கோட்டையைப் பார்த்தால் அது தெரியும். போர்த்துக்கீசர் சதுரமாகக் கட்டியதை ஒல்லாந்தர் இடித்து ஐங்கோணமாக்கினார்கள். வாசலில் 1680 என்று ஆண்டு பொறித்தார்கள். வெளி அரண்கள் முடிந்தது 1792இல். மூன்று வருடத்தில் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

முதலில் போர்த்துக்கீசர். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: வேதம் (கிறிஸ்தவ மதம்), வியாபாரம். 1544இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கரானவர்களை யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் கொன்றது அவர்களுக்குப் பெரிய நியாயமாகக் கிடைத்தது. 1560இல் கோவாவிலிருந்து வைஸ்ராய் தானே படையோடு வந்து நல்லூருக்குள் புகுந்தார். 1591இல் இன்னொரு படையெடுப்பு. 1619இல் பிலிப் டி ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினான். அங்கே அவனுக்கு மரணதண்டனை. 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் கற்களில்தான் கோட்டையின் ஒரு பகுதி எழுந்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இதற்கு எதிரான குரல் போர்த்துக்கலிலேயே இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த நாட்டின் தேசிய காவியம் கமோயிஸ் பாடி 1572இல் அச்சானது. வாஸ்கோ ட காமாவின் பயணத்தைப் புகழ்ந்து பாடுவது. அந்தப் புகழ்ப்பாட்டுக்கு நடுவில், கப்பல்கள் புறப்படும் கரையில் ஒரு கிழவர் எழும்பி நிற்கிறார். புகழாசை, பதவியாசை என்று இதற்குப் பெயர் வைத்து, பக்கத்து வாசலில் எதிரியை விட்டுவிட்டுத் தூரத்து எதிரியைத் தேடிப் போகிறீர்களே, நாடு வெறிச்சோடிப் போகுமே என்று சபிக்கிறார். பேரரசைப் பாட வந்த புலவரே அந்தச் சாபத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கிழவர் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. ஒரு சிறிய நாட்டின் ஆட்கள் பிரேசிலிலிருந்து மக்காவு வரை பரந்து கிடக்க, யாழ்ப்பாணம் 1658இல் மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு ஒல்லாந்தரிடம் விழுந்தது. பிறகு கோவாவில் இருந்த யேசுசபைத் துறவி பெர்னாவோ டி கெய்றோஸ், இலங்கை ஏன் கைவிட்டுப் போனது என்று ஒரு பெரிய நூலே எழுதினார். தம்மவரின் பேராசையும் அநியாயமும் ஒரு காரணம் என்று அவர் மறைக்காமல் எழுதினார். ஆனாலும் இலங்கையைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆண்ட விதம் பிழை என்றார். ஆண்டது பிழை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

ஒல்லாந்தர் கதையில் நான் கொஞ்சம் நின்று போக வேண்டும். இந்த வாதத்தின் உள்விஷயம் அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

1603இல் ஒல்லாந்தர் சிங்கப்பூருக்கு அருகில் ஒரு போர்த்துக்கீசக் கப்பலைப் பிடித்தார்கள். அதை நியாயப்படுத்தும் வேலை இளம் சட்டவறிஞர் கிறோசியஸிடம் போனது. 1609இல் வெளிவந்த அவருடைய வாதம் எளிமையானது: கடல் யாருக்கும் சொந்தமில்லை, எந்த நாட்டவரும் எங்கேயும் போய் வியாபாரம் செய்யலாம், போர்த்துக்கீசர் தடுக்க முடியாது. படிக்க எவ்வளவு நல்லாக இருக்கிறது! ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி என்ன செய்தது? கறுவா, யானை, முத்து, சங்கு, சாயவேர் என்று காசு வரக்கூடிய அத்தனையையும் தன் ஏகபோகத்தில் வைத்தது. வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் வரும். வங்காளத்து, கோல்கொண்டா வியாபாரிகள் வந்து வாங்கிப்போவார்கள். ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்ற பெயரே துறையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது; யானை ஏற்றிய துறை அது. அந்தத் துறையும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. திறந்த கடலுக்காக வழக்குப் பேசியவர்கள், வென்ற பிறகு கடலை மூடிவிட்டார்கள்.

சரி, இலாபம் வந்ததா? இதில் கம்பனிக்குள்ளேயே இரண்டு கட்சி. யாழ்ப்பாணத்தைப் பிடித்த தளபதி றைக்லொவ் வன் கூன்ஸ் பிறகு இலங்கையின் ஆளுநரானார். கடற்கரை மட்டும் போதாது, உள்நாட்டு நிலத்தையும் பிடிக்க வேண்டும், இலங்கையைக் கம்பனியின் ஆசிய நடுவிடமாக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1665இலிருந்து கண்டி இராச்சியத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த தலைமை ஆளுநர் மாட்சுய்க்கர் இதை விரும்பவில்லை. அவரும் முன்பு இலங்கையில் ஆளுநராக இருந்தவர். நிலம் பிடித்தால் கோட்டையும் படையும் செலவும் கூடவே வரும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் வியாபாரிகள், அரசர்கள் அல்ல என்பதுதான் அந்தக் கட்சியின் சாரம். 1670இல் கண்டி மன்னன் இராஜசிங்கன் திருப்பித் தாக்கியபோது மாட்சுய்க்கரின் கவலை சரியென்று தெரிந்தது.

இதில் இன்னொரு நுட்பம். இலங்கைக் கந்தோரின் கணக்கில் பெரும்பாலும் நட்டம்தான் தெரியும். படைச் சம்பளமும் கோட்டைச் செலவும் இங்கே எழுதப்பட்டன. கறுவா விற்ற இலாபம் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் எழுதப்பட்டது. அதனால் "இலங்கை எங்களுக்குச் சுமை" என்று ஒருவரும், "இலங்கை எங்களுக்குப் பொன்" என்று இன்னொருவரும் ஒரே ஆண்டில் உண்மையாகவே சொல்லலாம். ஒரு பேரரசு இலாபமா நட்டமா என்று கேட்கும்போதெல்லாம், எந்த ஊரில் இருக்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறோம் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டு புத்தகத்திலும் எழுதப்படாத செலவு ஒன்று இருந்தது. அது எங்கள் ஆட்களுடையது. தலைவரி கொடுத்தார்கள். கம்பனிக்கு ஊழியம் செய்தார்கள். சம்பளமில்லாத நாட்கள் அவை. கலியாணத்தையும் முதுசத்தையும் உறுதிப்படுத்த வேண்டுமென்றால் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும்; அதற்கு ஞானஸ்நானம் வேண்டும். வீட்டில் விபூதி பூசியவர்கள் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் பெயர் பதிந்தார்கள். கத்தோலிக்க குருமாருக்குத் தடை. யோசப் வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வேலையாள் வேடத்தில்தான் வர முடிந்தது. ஒல்லாந்தர் போனதும் அந்தப் புரட்டஸ்தாந்துக் கூட்டம் கரைந்து போனதைப் பார்த்தால், அந்த வேதப் பிரசாரத்தின் ஆழம் எவ்வளவு என்பது விளங்கும். அதே ஒல்லாந்தர்தான் 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுத்தில் வைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் காணி உறுதிக்கும் சீதனத்துக்கும் அந்தத் தொகுப்பு உயிரோடு இருக்கிறது. அதை நான் நன்மையாகவே எண்ணுகிறேன். ஆனால் அது எங்கள் வழக்கம். அவர்கள் கேட்டு எழுதினார்கள். அவர்கள் கொண்டுவந்து தந்த சட்டம் அல்ல.

ஆங்கிலேயர் வந்த விதத்தைச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. அந்த நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், லண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்திலிருந்து ஒரு கடிதம் எழுதினார்: குடியேற்ற நாடுகளில் உள்ளவர்கள் ஆங்கிலேயப் படையை உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் போகக் கூடாது. செப்டெம்பர் 28ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டை சண்டையில்லாமல் கை மாறியது. ஐரோப்பாவில் இரண்டு நாட்டுக்கு இடையில் நடந்த தகராறு. இங்கே கொடி மாறுகிறது. பேரரசுக்கு ஆதரவான வாதங்களில் மிகப் பலமானது இதுதான்: நாங்கள் பிடிக்காவிட்டால் மற்றவன் பிடிப்பான். திருகோணமலைத் துறைமுகத்துக்காகவே இலங்கையை வைத்திருந்தார்கள். இந்த வாதத்துக்கு முடிவே இல்லை. எந்த இடத்தைப் பிடித்தாலும் அதைக் காக்க அடுத்த இடம் தேவைப்படும்.

அதே 1795 ஏப்ரலில் லண்டனில் இன்னொரு காரியம் முடிந்தது. வங்காளத்தின் முன்னாள் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது ஏழு வருடமாக நடந்த விசாரணையில் அவர் விடுதலையானார். அந்தக் குற்றச்சாட்டை முன்னின்று நடத்தியவர் பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பேர்க். தூரத்து மக்கள் மீது கொடுக்கப்பட்ட அதிகாரம் ஒரு பொறுப்பு, அதைத் துஷ்பிரயோகம் செய்தால் இங்கிலாந்தின் சட்டமே கேள்வி கேட்க வேண்டும் என்பது பேர்க்கின் நிலை. அவர் தோற்று ஐந்து மாதத்தில் இங்கே கோட்டையில் ஆங்கிலக் கொடி.

அதற்கு முன்னமே, 1776இல், பொருளியல் அறிஞர் அடம் சிமித் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். குடியேற்ற நாடுகளின் ஏகபோக வியாபாரத்தால் ஒரு சில வியாபாரிகளுக்கு இலாபம், அவற்றைக் காக்கும் செலவு முழு நாட்டுக்கும். மொத்தத்தில் பிரித்தானியாவுக்கு நட்டம். ஆனால் எந்த நாடும் தன் இஷ்டத்தில் ஒரு பிரதேசத்தைக் கைவிட்டதில்லை என்றும், மானப் பிரச்சினை இடம் கொடுக்காது என்றும் அவரே எழுதினார். 1902இல் ஆங்கிலேய எழுத்தாளர் ஹொப்சன் இதே விஷயத்தை முதலீட்டின் பக்கமிருந்து சொன்னார்: உள்நாட்டில் தொழிலாளியின் கையில் காசு இல்லாததால் சந்தை சுருங்குகிறது, தேங்கிய மூலதனம் வெளிநாட்டுக்கு ஓடுகிறது, அதைக் காக்க அரசாங்கத்தின் படை பின்னால் போகிறது. இருவரும் சரியாகவே பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். இலங்கையில் நிறுத்தப்பட்ட படைக்கான செலவில் ஒரு பங்கை இலங்கையின் வருமானத்திலிருந்தே எடுத்தார்கள். 1864இல் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் சிலர் இந்தப் படைச் செலவை எதிர்த்துப் பதவி துறந்ததும் அதனால்தான். வடக்குக்கு 1905இல் முழுமையான ரயில் பாதையும் லண்டனின் தானம் அல்ல. இந்த நாட்டின் வருமானத்திலும் கடனிலும் போட்டது. ரயிலுக்காக வெள்ளைக்காரனுக்கு நன்றி சொல்லும் பெரியவர்களிடம் நான் பணிவாகச் சொல்வது இதைத்தான்: அந்தச் சீட்டுக்குக் காசு கொடுத்தவர் உங்கள் பாட்டனார்.

நாகரிகம் கொடுக்கப் போகிறோம் என்ற வாதம் முழுசாக அரங்கேறியது பாரிஸில். 1885 யூலை 28இல் முன்னாள் பிரதமர் யூல்ஸ் பெரி பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் மூன்று காரணங்களைச் சொன்னார். தொழிற்சாலைப் பொருளுக்குச் சந்தை வேண்டும். கடற்படைக்கு நிலக்கரி நிரப்பும் துறைகள் வேண்டும். மூன்றாவதாக, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டு. இரண்டு நாள் கழித்து அதே சபையின் உறுப்பினர் கிளெமென்சோ எழும்பினார். அவர் சொன்ன பதிலின் பொருள்: 1870இல் நாங்கள் ஜெர்மனியிடம் தோற்றபோது, பிரெஞ்சுக்காரன் தாழ்ந்த இனம் என்று ஜெர்மன் அறிஞர்கள் விஞ்ஞானமாக நிரூபித்தார்கள், அன்றிலிருந்து ஒருவனைத் தாழ்ந்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இந்துக்களும் சீனர்களும் தாழ்ந்தவர்களா என்றும் கேட்டார். அடிபட்ட நாட்டின் அனுபவத்திலிருந்து வந்த அந்தப் பதிலை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் நிறைகிறது. பிரான்ஸ் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது வேறு கதை. பாக்கு நீரிணைக்கு அப்பால், எங்களுக்கு எதிர்க்கரையில், காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது.

அமெரிக்கர் விவாதம் யாழ்ப்பாணத்துக்கு வேறொரு வகையில் நெருக்கமானது. 1898இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா இரண்டு கோடி டொலர் கொடுத்துப் பிலிப்பைன்சை எடுத்துக்கொண்டது. அந்த மக்களை உயர்த்துவது எங்கள் கடமை என்று ஒரு கட்சி. பிரித்தானியனிடமிருந்து விடுதலை பெற்றுப் பிறந்த நாடு இன்னொரு மக்களைச் சம்மதமில்லாமல் ஆள்வதா என்று மறு கட்சி. மார்க் டுவைனும் கோடீஸ்வரர் கார்னகியும் அதில் இருந்தார்கள். எதிர்த்தவர்களில் சிலர், வேறு நிறத்து மக்கள் எங்கள் நாட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் எதிர்த்தார்கள். எதிர்ப்பு வாதம் எல்லாமே நல்ல மனத்திலிருந்து வருவதில்லை. கடைசியில் 1899 பெப்ரவரியில் செனட் 57க்கு 27 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது.

அந்த விவாதம் நடந்தபோது அமெரிக்கர் யாழ்ப்பாணத்துக்கு வந்து 80 வருடங்களுக்கு மேலாகியிருந்தது. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், பழைய போர்த்துக்கீச, ஒல்லாந்தத் தேவாலயங்களின் இடிபாடுகளைத் திருத்திக் குடியேறியவர்கள் அவர்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைப் பிள்ளைகள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப் பாடசாலை தொடங்கியதற்கும் இந்தப் போட்டிதான் தூண்டுகோல். அமெரிக்கக் கொடி இங்கே ஒரு நாளும் ஏறவில்லை. படிப்பும் வைத்தியமும் கொடுக்க நாட்டைப் பிடிக்க வேண்டும் என்றவர்களுக்கு, மானிப்பாய் ஆஸ்பத்திரியை விடப் பெரிய மறுப்பு என்ன இருக்கிறது? ஆங்கிலேய ஆட்சியின் நிழலில்தான் அவர்கள் வேலை செய்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம், அது உண்மை. ஆனால் அந்த நிழல் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கவில்லை. ஆங்கிலேய ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் புதிய அமெரிக்க மிசனறிமாரை உள்ளே விடவே மறுத்தார்கள்.

ஜப்பானிலிருந்தும் ஒரு குரலைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1921இல் பத்திரிகையாளர் இஷிபாஷி தன்சான், கொரியாவையும் தாய்வானையும் மஞ்சூரிய உரிமைகளையும் அப்படியே கைவிடுங்கள் என்று எழுதினார். அந்த இடங்களோடு நடக்கும் வியாபாரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் அமெரிக்காவோடு நடப்பதற்குக் குறைவு என்று கணக்குக் காட்டினார். கேட்பார் இருக்கவில்லை. 1956 கடைசியில் அவரே பிரதமரானார். அதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்து ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கூட்டமாக மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வே, நில அளவை, திறைசேரி எங்கும் எங்கள் ஆட்கள். அவர்கள் அனுப்பிய காசில் நாற்சார் வீடுகள் எழுந்தன, கோயில்களுக்குக் கோபுரம் எழுந்தது, பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது. "மலாயாப் பென்சன்காரர்" என்றால் ஊரில் ஒரு மரியாதை. "வெள்ளைக்காரன் காலம் நல்ல காலம்" என்ற நினைப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது; பொய்யான வேர் அல்ல. ஆனால் அந்த ரயில் பாதைக்கு மண் சுமந்ததும் இறப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்ததும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன தமிழர்கள். அவர்களுக்கு மேலே கணக்கு எழுதிய கிராணிமாரில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். ஒரே மொழி பேசிய இரண்டு கூட்டத்துக்கு ஒரே பேரரசு இரண்டு முகம் காட்டியது. ஒன்றுக்குப் பென்சன், மற்றதுக்கு லயன் அறை. எங்கள் நாற்சார் வீட்டின் தூண்களைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் அந்தப் பேச்சு நேர்மையில்லை என்பது என் எண்ணம்.

இத்தனை வாதங்களிலும் ஒரு விஷயம் பொது. வன் கூன்ஸ், மாட்சுய்க்கர், சிமித், பெரி, ஹொப்சன் எல்லோரும் கேட்டது, இது எங்கள் நாட்டுக்கு நல்லதா என்பதுதான். கிளெமென்சோவைப் போல மிகச் சிலரே, போன இடத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள். இருந்தவர்களே பேசிய நேரம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் இளைஞர்களும் நடத்தியது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே எதிர்த்தது. வெள்ளைக்காரனிடம் சமத்துவம் கேட்பவன் தன் ஊர்க் கிணற்றடியில் அதை மறுக்க முடியாது என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆனால் முக்கிய அதிகாரங்கள் ஆளுநர் கையிலும் மூன்று ஆங்கில அதிகாரிகள் கையிலும் இருந்தன. இது சுயராச்சியம் அல்ல, எனவே தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்றது வாலிபர் காங்கிரஸ். நியமனப் பத்திரம் கொடுக்கும் நாளில் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட முன்வரவில்லை.

அந்தப் பகிஷ்கரிப்பு பிழை என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் வாதிடுகிறார்கள். தெற்கு பின்தொடரவில்லை, குடாநாட்டுத் தமிழர் சட்டசபையில் மூன்று வருடம் குரலில்லாமல் இருந்தார்கள், 1934இல் இடைத்தேர்தல் நடந்தபோது வாலிபர் காங்கிரசின் குரல் அடங்கி வேறு அரசியல் தொடங்கிவிட்டது. கணக்காகப் பார்த்தால் இந்தக் குறை சரிதான். நானும் அதை மறுக்கவில்லை. ஆனாலும் 1619இலிருந்து 312 வருடமாக எங்கள் தலைக்கு மேலே நடந்த ஒரு வழக்கில், யாழ்ப்பாணம் தன் வாயால் சொன்ன முதல் பதில் அது. இனி "வெள்ளைக்காரன் இருந்திருந்தா" என்ற பேச்சு எழும்பும்போது, ஒருவரும் மனுக் கொடுக்காத அந்த நான்கு தொகுதிகளின் பெயரையும் சொல்லுங்கள்: யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை.